கிளப்புக்குத் தலைவர் வேண்டாம், சாவி ரெண்டு பேர்கிட்ட இருக்கட்டும்

போன மாசம் மொரப்பூர் ரயில்வே ஸ்டேஷன் வாசல்ல எட்டாவது படிக்கிற பையன் ஒருத்தன் என்னை நிறுத்தினான். "அக்கா, ஏன் சனிக்கிழமை வர்றதே இல்ல? ஸ்கூல் திறந்ததும் சார் ரெண்டு வாரம் லேப்பைத் திறந்து வெச்சிருந்தார்"னு கேட்டான்.

அவன் படிக்கிற அரசுப் பள்ளியில நம்ம டெக் கிளப் போன வருஷம் ஸ்க்ராட்ச் சொல்லிக் கொடுத்துச்சு. ஓரமா கிடந்த பழைய கம்ப்யூட்டர்கள்ல லினக்ஸ் போட்டு ஓட வெச்சோம். மே மாசம் சீனியர்ஸ் படிப்பை முடிச்சுக் கிளம்பினாங்க. அடுத்து யார் போறதுன்னு யாருமே பேசல. நான் உட்பட எல்லாரும், வேற யாராவது போவாங்கன்னு இருந்துட்டோம். அந்தப் பையனுக்குச் சொல்ல என்கிட்ட பதில் இல்ல.

இப்போ நம்ம குரூப்ல ரெண்டு வாரமா ஒரே சண்டை. தலைவர், செயலாளர், பொருளாளர் போட்டு சங்கமாவே பதிவு பண்ணிடலாம்னு ஒரு பக்கம். கிளப்பை ஆபீஸ் ஆக்காதீங்கன்னு இன்னொரு பக்கம்.

ரெண்டாவது பக்கத்தோட பயம் எனக்கும் உண்டு. ஒரு சென்சாரை இணைச்சுப் பார்க்க மூணு கையெழுத்து வாங்கணும்னா யார் வருவாங்க? பேனர், குத்துவிளக்கு, சிறப்பு விருந்தினர்னு அரை நாள் போகும். ரெஸ்யூமேல "பிரசிடென்ட்"னு போடுறதுக்காகவே சிலர் வருவாங்க. கோடிங்கே தெரியாம வந்த என்னை, யாரும் ஒரு ஃபார்ம்கூட கேட்காம உட்கார வெச்ச இடம் இது. அதை இழக்க எனக்கும் மனசில்ல.

ஆனா "நமக்குள்ள தலைவரே இல்ல"ன்னு சொல்றது உண்மையா? மீட்டிங் எப்பவும் ராத்திரி 8 மணிக்குப் பசங்க ஹாஸ்டல்ல. மொரப்பூர், அரூர் பஸ்ல போற நாங்க அப்போ வீட்டுல இருப்போம். லேடீஸ் ஹாஸ்டல் கேட்டும் மூடியிருக்கும். காலையில குரூப்பைத் திறந்தா முடிவு வந்திருக்கும். யாரும் எங்களை வேணும்னு ஒதுக்கல. ஆனா ஹாஸ்டல் ரூம்ல இருந்த அஞ்சு பேர்தான் கிளப்பை நடத்தினாங்க. அமெரிக்கப் பெண்ணிய இயக்கத்துல இருந்த ஜோ ஃப்ரீமேன் 1970-களின் தொடக்கத்துலயே இதைத்தான் எழுதினார்: அமைப்பே இல்லைன்னு சொல்ற குழுவுலயும் அதிகாரம் இருக்கும், அது கண்ணுக்குத் தெரியாம நண்பர் வட்டத்துக்குள்ள போயிடும், அதனால அதைக் கேள்வி கேட்கவும் முடியாது.

காசு விஷயமும் இப்படித்தான். ஆளுக்கு 200 ரூபாய் ஒரு சீனியர் அண்ணாவுக்கு ஜிபே பண்ணோம். அவர் நேர்மையானவர், சந்தேகமே இல்ல. ஆனா மீதி எவ்வளவுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. கேட்டா அவரைச் சந்தேகப்படுற மாதிரி ஆயிடுமேன்னு யாரும் கேட்கல. மாசாமாசம் கணக்கு போடணும்னு ஒரு விதி இருந்திருந்தா, யார் மனசும் புண்படாம அது தானா வந்திருக்கும். கிளப் மெயிலும் போச்சு. ஓடிபி போறது அவர் மாத்திட்ட பழைய நம்பருக்கு.

அப்போ பதிவு பண்ணிடலாமா? தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-படி குறைஞ்சது ஏழு பேர் வேணும். துணைவிதி, வருஷாந்திரப் பொதுக்குழு, பதிவாளருக்குக் கணக்குன்னு வேலை தொடரும். நாலே வருஷத்துல கிளம்புற நமக்கு, நிர்வாகிகள் பேரை மாத்தவே நேரம் சரியாப் போகும். வெளியிலிருந்து பெரிய நன்கொடை வந்தா அப்போ யோசிக்கலாம்.

பதிவு, பதவியை நம்பாமலும் ஒரு குழு நீடிக்கும். சென்னை லினக்ஸ் பயனர் குழு 1998-ல தொடங்கினது. அங்கே உறுப்பினர் கட்டணம் கிடையாது. மாசத்தின் ரெண்டாவது சனிக்கிழமை சந்திப்புங்கிற ஒரு வழக்கம்தான் பல வருஷம் அதைத் தாங்கிச்சு. யாரையும் தெரியாத புது ஆள்கூட அந்த நாள்ல நேரா போய் உட்காரலாம்.

டெபியன் இன்னொரு வழி. 1993-ல இயன் மர்டாக் தொடங்கினார், 1996-ல தலைமையை வேற ஒருத்தர்கிட்ட கொடுத்துட்டார். காசையும் பெயர் உரிமையையும் பார்த்துக்க 1997-ல தனியா ஒரு அமைப்பு வந்துச்சு. 1998-ல எழுத்துல ஒரு சாசனம் வெச்சுக்கிட்டாங்க. தலைவர் தேர்தல் வருஷாவருஷம் நடக்குது. எனக்கு ரொம்பப் பிடிச்சது, யாரையும் கட்டாயப்படுத்தி வேலை வாங்க முடியாதுன்னு அந்தச் சாசனமே சொல்றதுதான். விதி எழுதினதால தன்னார்வம் செத்துப்போகல.

என் கருத்து இதுதான். யார் வரலாம், என்ன கத்துக்கலாம் என்பதற்கு விதியே வேண்டாம். நாம போன பிறகும் இருக்க வேண்டியதுக்கு மட்டும் ஒரு பக்கத்துல விதி எழுதுவோம்:

1. மெயில், கிட்ஹப், லேப் அலமாரி எல்லாத்துக்கும் சாவி ரெண்டு பேர்கிட்ட. அதுல ஒருத்தர் கட்டாயம் ரெண்டாம் வருஷம்.

2. வரவு செலவு எல்லாரும் பார்க்கிற ஷீட்ல, மாசம் ஒரு தடவை.

3. மீட்டிங் மாசத்தின் ரெண்டாவது புதன்கிழமை மதிய இடைவேளை, லேப்ல. ராத்திரி ஹாஸ்டல்ல பேசுறது யோசனை மட்டும். முடிவு புதன்கிழமைதான்.

4. வெளியில கொடுக்கிற ஒவ்வொரு வாக்குக்கும் ரெண்டு பேர் பொறுப்பு. போக முடியலைன்னா ரெண்டு நாள் முன்னாடி பள்ளிக்குப் போன் பண்ணணும்.

5. பிப்ரவரியிலயே ஜூனியர்ஸ்கிட்ட ஒப்படைப்பு. ப்ராஜெக்ட் ரிவ்யூ வந்த பிறகு எந்த ஃபைனல் இயரும் கையில சிக்க மாட்டாங்க.

"பார்த்துக்கலாம்"னு விட்டா, எங்க ஊர்ல தர்மபுரி ரயில் பாதையைப் பத்திப் பேசுற மாதிரி வருஷக்கணக்கா பேசிக்கிட்டே இருப்போம். மே மாசம் நானும் கிளம்பிடுவேன். வர்ற புதன்கிழமை மதியம் சாப்பாட்டு டப்பாவோட லேப்புக்கு வாங்க. இதை எதிர்க்கிறவங்க கட்டாயம் வாங்க. நாலாவது விதியில முதல் பேரா என் பேரை எழுதிட்டேன். இன்னொரு பேர் ரெண்டாம் வருஷத்துலருந்து வேணும். அதுக்கு அடுத்த சனிக்கிழமை அந்தப் பள்ளிக்குப் போகணும்.