ஒரு நாளுக்கு இரண்டு கோடு

பால் கணக்கும் ஸ்கூல் வேன் கணக்கும் எழுதாத வீடு கே.கே. நகரில் குறைவு. காலையில் பிள்ளை மேல் எரிந்து விழுந்தோமே, அதை யாராவது எழுதி வைக்கிறோமா?

எழுதி வைக்கச் சொன்னவர் புனித இஞ்ஞாசியார், இயேசு சபையைத் தொடங்கியவர். கே.கே. நகர் பஸ்ஸில் ஏறி சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கினால் அருகிலேயே செயின்ட் ஜோசப் கல்லூரி. அதை 1844-ல் நாகப்பட்டினத்தில் ஆரம்பித்து, 1883-ல் திருச்சிக்குக் கொண்டுவந்தது அவருடைய சபையினர்தான்.

1548-ல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில் அவர் சொல்லும் முறை ரொம்ப எளிது. ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் விழுந்த உடனே நெஞ்சில் கை வைக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவருக்குக்கூட ஏன் என்று தெரியாது. நோட்டில் ஒரு நாளுக்கு இரண்டு கோடு. மதியம் வரை விழுந்தது எத்தனை தடவையோ, முதல் கோட்டில் அத்தனை புள்ளி. இரவு வரை விழுந்ததற்கு அடுத்த கோடு. பிறகு நேற்றோடு இன்றையும், போன வாரத்தோடு இந்த வாரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். (பத்துக் குறையை ஒன்றாகத் திருத்தக் கிளம்புபவர்கள் புதன்கிழமைக்குள் நோட்டைத் தொலைத்துவிடுவார்கள்!)

ஆனால், கணக்குப் பார்ப்பதிலும் ஆபத்து உண்டு. அது அவருக்கே நேர்ந்தது. 1522-ல் மான்ரேசா என்ற ஊரில் தங்கியிருந்தபோது, பாவசங்கீர்த்தனத்தில் எதையோ விட்டுவிட்டோம் என்ற சந்தேகம் அவரை அரித்தது. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு வாரம் பட்டினி கிடந்தார். உயிரை விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது. பழைய பாவங்களை இனி கிளறுவதில்லை என்று முடிவெடுத்த பிறகுதான் விடுதலை கிடைத்தது.

அதனால்தானோ என்னவோ, அவர் சொல்லித்தந்த தினசரி ஆன்ம சோதனை குற்றத்தில் தொடங்குவதில்லை. முதலில், கிடைத்த நன்மைகளுக்காகக் கடவுளுக்கு நன்றி. அடுத்து, குறையைக் காண அருள் கேட்பது. பிறகு மணிக்கு மணி அன்றைய நாளைப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது.

ஐந்தாவது படி, இனித் திருந்துவதற்கான தீர்மானம். வேன் வரும் நேரத்தில் ஷூவைத் தேடும்போதுதான் கோபம் வருகிறது என்று நோட்டுப் புள்ளிகள் காட்டினால், ராத்திரியே அந்த ஷூவை எடுத்து வாசலில் வைத்துவிடலாம்.