பதினான்காம் நாள் என்ற ஒற்றை வரி

குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதியிடம் ‘குளித்த கணக்கில் பதினான்காம் நாள் சேருங்கள்’ என்று மட்டும் சொல்லி அனுப்பும் வழக்கத்தை மருத்துவர்களாகிய நாம் கைவிட வேண்டும். 35 நாளுக்கு ஒருமுறை விலக்காகும் பெண்ணுக்குக் கருமுட்டை வெளிப்படுவது 21-ஆம் நாளையொட்டி. நாம் சொன்ன நாளோடு முயற்சியை நிறுத்திக்கொள்ளும் அவர், அடுத்த விலக்கு வந்ததும் தன் உடம்பில்தான் குறை என்று நொந்துபோகிறார்.

அடுத்த மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும் என்பதை ஒகினோ, நவுஸ் என்ற மருத்துவர்கள் 1920-களிலேயே காட்டிவிட்டார்கள். வட கரோலினாவில் 221 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 1995-இல் வெளியான வில்காக்ஸ் குழுவின் ஆய்வில், முட்டை வெளிப்பட்ட நாளிலும் அதற்கு முந்தைய ஐந்து நாள்களிலும் சேர்ந்தவர்களுக்கே கரு தங்கியது. அந்த ஆறு நாளும் மாதவிடாய்ச் சுழற்சியின் 10-ஆம் நாளுக்கும் 17-ஆம் நாளுக்கும் இடையில் அடங்கியது ஏறக்குறைய 30 விழுக்காட்டுப் பெண்களுக்கே என்று அதே குழு 2000-இல் எழுதியது. பூப்புக்குப் பின் பன்னிரண்டு நாள் கணவன் பிரியாதிருக்கச் சொல்கிறது தொல்காப்பியக் கற்பியல். ஒரு நாளை நம்பாத அந்த விரிவு இன்றைக்கும் மதிக்கத்தக்கது.

சேவுகம்பட்டி, நிலக்கோட்டைப் பக்கம் விடியுமுன் மல்லிகை பறிக்கப் போகும் பெண்ணிடம் உடல் வெப்ப அட்டவணை கேட்பதில் பயன் குறைவு. நன்றாகத் தூங்கி, படுக்கையை விட்டு எழுமுன் தினமும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். வெப்பம் ஏறுவதோ முட்டை வெளிப்பட்ட பிறகுதான். அவர் கண்ணுக்கே தெரிவது கருப்பை வாய்ச் சளி. வளமான நாள்களில் அது முட்டையின் வெள்ளைக்கரு போலத் தெளிந்து, இரு விரலுக்கிடையே அறுபடாமல் இழுபடும். இதையே வெள்ளைப்படுதல் என்று பயந்து நம்மிடம் வருபவர்கள் உண்டு. அரிப்பு, நாற்றம், நிறமாற்றம் உண்டா என்று கேட்காமல் மாத்திரை எழுதிவிடாதீர்கள். உடம்பு சரியாக இயங்குவதன் அடையாளத்தையே நோயாக்கி அனுப்புவது பெரும் தவறு.

முட்டை வெளிப்படத் தூண்டும் எல்எச் ஹார்மோனைச் சிறுநீரில் பார்க்கும் அட்டை உதவும். கோடு அழுத்தமானால் ஒன்றரை நாளுக்குள் முட்டை வெளிப்படலாம். சினைப்பை நீர்க்கட்டி உள்ளவர்களிடம் அது ஏமாற்றும்.

நாள் எண்ணவே மனம் சலித்தவர்களுக்கு, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்திருந்தால் போதும் என்று தயங்காமல் சொல்லுங்கள். கணவர் திருப்பூரில் வேலை பார்த்து வாரக்கடைசியில் மட்டும் வருபவரானால், எந்த வாரம் கூடுதலாக விடுப்பு எடுக்கலாம் என்று இருவரையும் உட்காரவைத்துக் கணக்குப் போடுங்கள். 35 வயதுக்குக் கீழே ஓராண்டு, அதற்கு மேல் ஆறு மாதம் பார்த்தபின் பரிசோதனை. விலக்கு ஒழுங்கில்லாதவர் அதுவரை காத்திருக்கவே வேண்டாம். மனைவிக்கு ஸ்கேன் எழுதும் அன்றே கணவருக்கு விந்துப் பரிசோதனையும் எழுதுங்கள்.