பாசியும் புல்லும்

வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், சியாட்டில் நகரைச் சூழ்ந்த பகுதியிலே, ஆண்டுக்கு ஏறத்தாழ 100 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் ஏப்ரல் வரை தூறலாகவே விழும். அங்கே வீட்டின் முன் புல்தரை வளர்ப்போருக்கு ஓயாத கவலை ஒன்று உண்டு: பாசி!

இளவேனில் வந்ததும் இரும்புச் சல்பேட்டு தூவுகின்றனர். பாசி கறுத்து மடிகிறது. அடுத்த குளிர்காலம் கழிந்தால் மீண்டும் படர்ந்து நிற்கிறது. பணமும் உழைப்பும் வீணாயினவே என்று மனம் சோர்கிறது.

பாசி புல்லைக் கொல்வதில்லை என்பதை நாம் முதலில் உணர வேண்டும். புல் நலிந்த இடத்தையே அது பிடித்துக்கொள்கிறது. மர நிழல், நீர் வடியாத இறுகிய மண், மழை சத்துகளைக் கரைத்துச் சென்றதால் அமிலம் மிகுந்த நிலம், புல்லை ஒட்ட வெட்டும் வழக்கம் ஆகியவையே காரணங்கள்.

ஆகவே கிளைகளைக் கழித்து ஒளிக்கு வழி விடுவோம். இறுகிய மண்ணில் துளையிடுவோம். மண்ணைச் சோதித்து, தேவையெனில் சுண்ணாம்பு இடுவோம். செப்டம்பரில் ரைகிராஸ், பெஸ்க்யூ விதைகளைத் தூவுவோம். புல்லை 5 சென்டிமீட்டர் உயரம் நிற்கவிட்டு, ஒரு முறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதிருப்போம். வெட்டிய துணுக்குகள் அங்கேயே கிடந்து உரமாகட்டும். மழையற்ற ஜூலை, ஆகஸ்டில் புல் பழுப்பேறி உறங்கும். அஞ்ச வேண்டா, மழை வந்ததும் துளிர்க்கும்.

அடர்ந்த நிழலிலோ பாசியையே இருக்க விடுவது அறிவுடைமை. மற்ற இடங்களில், பாசியை நோவதை விடுத்து, புல்லுக்கு என்ன குறை என்று கேட்போம்.