வீட்டிலிருந்து டெலிபோன் உத்தியோகம்

கும்மிடிப்பூண்டியினின்று சென்னைக்குச் செல்லும் மின்சார ரயிலில் ஏறாமலேயே சென்னைக் கம்பெனிகளுக்கு உத்தியோகம் பார்க்கும் புதிய வகுப்பினர் ஒருவர் திருவள்ளூர் ஜில்லாவில் தோன்றியிருக்கின்றனர். பொன்னேரியிலும் மீஞ்சூரிலும் தங்கள் வீட்டுச் சிற்றறையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, காதில் கருவியை மாட்டி, கடன், இன்ஷூரன்ஸ், மனை முதலியவற்றை முகமறியாதவர்களுக்கு விற்பதே இவர்கள் தொழில். எல்லைப்புறத்தாராகையால் பலருக்குத் தமிழோடு தெலுங்கும் சரளம். கால் சென்டர்கள் இவர்களை விரும்புவதில் ஆச்சரியமில்லை.

இத்தகைய ஸ்தாபனங்கள் முன்பு மத்திய சர்க்காரின் டெலிகாம் இலாகாவில் பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. சிப்பந்திகளை வீட்டிலிருந்து வேலை வாங்குவதற்கு ஜாமீன் தொகையும் பல நிபந்தனைகளும் இருந்தன. கொரோனா ஊரடங்கு நேர்ந்த 2020-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் இவையெல்லாம் நீக்கப்பட்டன. 2021 ஜூன் மாதத்தில் விதிகள் மேலும் தளர்த்தப்பட்டன. முதலாளிகளுக்கு இவ்வளவு சுதந்திரம் கிடைத்ததில் நமக்குப் பொறாமையில்லை. அதே சமயத்தில் சிப்பந்திக்கு என்ன கிடைத்தது என்பதே நமது கேள்வி. கட்டிட வாடகை கம்பெனிக்கு மிச்சம். மின்சாரக் கட்டணமும் இண்டர்நெட் கட்டணமும் பெரும்பாலும் சிப்பந்தியின் தலையில். மின்சாரம் நின்றுபோனால் அந்நேரம் வேலை நேரமன்றென்று கழிக்கப்படுவதாகவும் முறையிடுகின்றனர்.

இதே ஜில்லாவிலுள்ள பழவேற்காட்டில் 1613-ம் வருஷத்தில் டச்சுக்காரர் கோட்டை கட்டி முடித்தனர். அவர்களுடைய துணி வியாபாரம் எப்படி நடந்தது? வியாபாரிகள் மூலம் முன்பணம் கொடுத்து, நெசவாளி தன் வீட்டில் தன் தறியில் நெய்ததை வாங்கிக்கொண்டனர். தறி எவ்வளவு வேகமாக ஓடவேண்டுமென்பதாவது அவன் கையில் இருந்தது. இன்றோ யந்திரமே எண்களைச் சுழற்றுகிறது. ஒருவர் பேசி முடித்த க்ஷணமே அடுத்தவர் குரல் காதில் விழுகிறது. தண்ணீர் குடிக்க எழுந்த நிமிஷமும் கணக்கில் ஏறுகிறது.

சட்டமே இல்லையென்று சிலர் எண்ணுகின்றனர். அது தவறு. 1947-ம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று சாதாரண வேலை நேரத்தை வரையறுத்திருக்கிறது. அதற்கு மேற்பட்ட வேலைக்கு இரட்டிப்புக் கூலி தரவேண்டும். வணிக நிறுவனத்தின் தொழில் சம்பந்தமாக முழுமையாகவோ பிரதானமாகவோ வேலை செய்பவரையே அச்சட்டம் சிப்பந்தியென்று கொள்கிறது. அவர் எந்தக் கூரையின் கீழ் உட்கார்ந்திருக்கிறார் என்பதை அது கேட்கவில்லை. ஆகவே மீஞ்சூர் வீட்டிலிருப்பவரும் அதன் பாதுகாப்புக்கு உரியவரே என்பது நமது அபிப்பிராயம். "கமிஷன் ஏஜெண்டு" என்று காகிதத்தில் எழுதிக்கொள்வதால் மட்டும் இந்த நிலைமை மாறிவிடாது.

ஒவ்வொரு வீட்டிலும் இன்ஸ்பெக்டர் நுழைய முடியுமா என்று ஆட்சேபிப்பார்கள். நுழையவே வேண்டாம். எத்தனை மணிக்கு வேலை துவங்கிற்று, எத்தனை பேருடன் பேசினார், எத்தனை நிமிஷம் ஓய்வு என்பதெல்லாம் கம்பெனியின் கம்ப்யூட்டரிலேயே பதிவாகின்றது. சம்பளத்தைக் குறைப்பதற்கு அக்கணக்கு உதவுமானால், கூலியைக் கேட்பதற்கு ஏன் உதவலாகாது? மாதந்தோறும் அதன் பிரதியைச் சிப்பந்திக்கும், கேட்டால் தொழில் இலாகாவுக்கும் தரவேண்டுமென்று ஒரு விதி போதும். நின்றுகொண்டே வேலை செய்யும் கடைச் சிப்பந்திகளுக்கு ஆசனம் வேண்டுமென்று நம் சட்டசபை இதே சட்டத்தை 2021-ல் திருத்தியிருக்கிறது. இது அதனினும் கடினமான காரியமன்று.

டெலிபோன் விற்பனைத் தொல்லையிலிருந்து கேட்பவரைக் காக்க 2010-லும் 2018-லும் விதிகள் செய்தனர். 1909 என்ற எண்ணில் தெரிவித்தால் அழைப்பை மறுக்கலாம். நியாயமான ஏற்பாடே. ஆனால் மனம் வெறுத்த அந்நியரின் வசவை நாள்தோறும் வாங்கிக்கொள்பவர் கம்பெனியின் நிர்வாகியல்லர், அந்த வீட்டுப் பெண்மணியே.

ஸ்திரீகளிற் பலர் குழந்தையைப் பார்த்துக்கொண்டே நாலு காசு சம்பாதிக்க இவ்வேலை இடந்தருவதை நாம் மறுக்கவில்லை. இது ஒழியவேண்டுமென்றும் சொல்லவில்லை. தொழிற்சங்கத்தார் இதுவரை சிப்காட் ஆலை வாசல்களிலேயே நிற்கின்றனர். வாசலில்லாத இத்தொழிலாளரைத் தேடிச்சென்று சங்கத்தில் சேர்ப்பதும், வரும் சட்டசபைக் கூட்டத்தில் மேற்கண்ட விதியைக் கேட்பதும் அவர்கள் உடனே செய்யக்கூடியவை. அதுவரையில் சிப்பந்திகள் தத்தம் வேலை நேரத்தைத் தாங்களே ஒரு நோட்டில் தினந்தோறும் குறித்து வருவார்களாக. கோர்ட்டில் அதற்கும் மதிப்புண்டு.