மானாவாரி விவசாயி வீட்டுக்கு இன்டர்நெட்: டவரா, செயற்கைக்கோளா?

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில் பெரும்பாலும் வானம் பார்த்த விவசாயமே நடைபெறுகிறது. கரிசலில் பருத்தி, சோளம், குதிரைவாலி, உளுந்து, மல்லி ஆகியவை வடகிழக்குப் பருவமழையை நம்பியே விதைக்கப்படுகின்றன. மழைக் கணிப்பு, பயிர்க் காப்பீட்டுக்கான கடைசித் தேதி, மார்க்கெட் விலை ஆகியவை இன்று செல்பேசியில்தான் முதலில் வருகின்றன. காப்பீட்டுத் தேதி ஒரு நாள் தவறினால் அந்தப் பருவத்துப் பாதுகாப்பே போய்விடும். ஆகவே கிராமத்து வீட்டில் இன்டர்நெட் கிடைப்பது ஆடம்பரமன்று.

2025 ஜூன் மாதம் ஸ்டார்லிங்க் நிறுவனத்துக்கு மத்திய அரசு உரிமம் வழங்கியது. அதிலிருந்து, டவர் சரியாக எடுக்காத ஊர்களில் செயற்கைக்கோள் தட்டு வாங்கலாமா என்ற கேள்வி எழுந்துள்ளது. தட்டின் தன்மையை அறிந்த பிறகே இதற்கு விடை காண வேண்டும்.

பழைய வகைச் செயற்கைக்கோள்கள் பூமியிலிருந்து 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பவை. அங்கே கேள்வி சென்று பதில் திரும்ப அரை விநாடி ஆகிவிடும். புதிய வகை ஏறக்குறைய 550 கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றுவதால் இந்தத் தாமதம் இல்லை. டவரே இல்லாத இடத்திலும் வேலை செய்வது இதன் பெரிய நன்மை. ஆனால் தட்டுக்கு மேலே வானம் திறந்திருக்க வேண்டும்; பனையோ புளியமரமோ மறைத்தால் இணைப்பு விட்டுவிட்டு வரும். கனமழை கொட்டும்போது சிறிது நேரம் நின்றுபோகலாம். ஓயாமல் 50 முதல் 100 வாட் மின்சாரமும் தேவை. கரண்ட் போனால், பேட்டரி இல்லாத வீட்டில் தட்டும் ஓய்ந்துவிடும்.

செலவையும் பார்க்க வேண்டும். பங்களாதேஷில் 2025 மே மாதம் இச்சேவை தொடங்கியபோது கருவிக்கு 47,000 டாக்காவும், குறைந்த மாதக் கட்டணமாக 4,200 டாக்காவும் வசூலிக்கப்பட்டன. நம் பணத்தில் இவை முறையே சுமார் 33,000 ரூபாய், 3,000 ரூபாய். இரண்டு மூன்று ஏக்கர் மானாவாரி நிலத்தை வைத்திருப்பவர் மாதந்தோறும் தாங்கக்கூடிய செலவன்று இது.

விவசாயிக்கு வேண்டிய செய்தியோ மிகச் சிறியது. மழைக் கணிப்பும் விலைப்பட்டியலும் பலவீனமான 4ஜி இணைப்பிலேயே வந்துவிடும். எனவே முதலில் டவர் இணைப்பைச் சீர்செய்ய முயல்வதே சிக்கனமாகும். அதற்குச் சில வழிகள்:

1. பக்கத்து வீட்டார், உறவினர் வைத்திருக்கும் வெவ்வேறு நிறுவனங்களின் சிம்களைத் தம் வீட்டிலேயே காலை, மதியம், இரவு என மூன்று வேளையும் சோதித்துப் பார்க்கலாம்.

2. செல்பேசியின் அமைப்புகளில் சிக்னல் அளவைக் காணலாம். அது மைனஸ் 90 அளவில் இருந்தால் நல்லது. மைனஸ் 110-க்குக் கீழே போனால் மோசம்.

3. தகரக் கூரையும் கான்கிரீட் தளமும் அலையைத் தடுக்கும். கரிசல் காடு சமவெளியாக இருப்பதால் உயரே போனால் அலை நன்றாகக் கிடைக்கும். சிம் போடும் ரவுட்டருக்கு மாடியில் டவரை நோக்கி ஆன்டெனா பொருத்தினால், சில ஆயிரம் ரூபாயில் பல வீடுகளின் குறை தீரும்.

4. கடைகளில் விற்கும் 'சிக்னல் பூஸ்டர்' கருவியை வாங்கக்கூடாது. அனுமதியின்றி அதை வைத்திருப்பது சட்டவிரோதம். ஊரார் அனைவரின் இணைப்பையும் அது கெடுக்கும்.

இவ்வளவு செய்தும் சிக்னல் எடுக்காத ஊர்களும் உண்டு. அங்கேயும் தனி வீட்டுக்குத் தட்டு என்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும். தமிழகத்தின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழைக் கேபிளால் இணைப்பது பாரத்நெட் திட்டத்தின் நோக்கம். தம் ஊராட்சிக்குக் கேபிள் வந்துவிட்டதா, வேலை செய்கிறதா என்று கிராம சபையில் கேட்பது மக்களின் உரிமை. அதுவும் இல்லையென்றால் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ பால் கூட்டுறவுச் சங்கமோ ஒரே தட்டைப் பொதுவில் வைக்கலாம். முப்பது குடும்பங்கள் பகிர்ந்தால், 3,000 ரூபாய் மாதக் கட்டணத்தில் குடும்பத்துக்கு நூறு ரூபாய்தான் விழும்.

இன்டர்நெட் அறவே இல்லாத நாளிலும் கிசான் அழைப்பு மையத்தை 1800-180-1551 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே ஆலோசனை பெறலாம். விதைக்கும் உரத்துக்கும் ஒதுக்கிய பணத்தைத் தட்டில் போடாமல், டவரை முதலிலும், ஊர்ப் பொது இணைப்பை அடுத்தும், தனித் தட்டைக் கடைசியிலும் வைத்துக்கொள்வதே மானாவாரி விவசாயிக்கு ஏற்றது.