என்ன மரம் என்று கேட்டால் போதுமா?

நம்மூரில் யாராவது வீடு கட்டினால், பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "நிலைக்கு என்ன மரம் போட்டிருக்கீங்க?" என்பதுதான். தேக்கு என்று பதில் வந்தால் அடுத்தது, "நாட்டுத் தேக்கா, பர்மாவா?" அத்தோடு விசாரணை முடிந்துவிடும். அந்த மரம் எப்போது அறுபட்டது, அறுத்த பிறகு எத்தனை மாதம் காய்ந்தது, எந்த வாக்கில் அறுத்தார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. கட்டட வேலைகளில் 32 வருடம் ஓவர்சியராக அலைந்தவன் என்ற முறையில் என் அபிப்பிராயம் இது: ஒரு கதவு நன்றாக அமைவதற்கு மரத்தின் ஜாதி பாதிக் காரணம்கூட இல்லை.

எங்கள் சொந்தத்தில் ஒருவர் ஓய்வுபெற்ற பணத்தைப் போட்டு வீடு கட்டினார். தலைவாசலுக்கு மட்டும் குறைச்சல் வைக்கக் கூடாது என்று நல்ல தேக்காகப் பார்த்து வாங்கினார். ஐப்பசியில் தடியை அறுத்து, கார்த்திகையில் நிலை நிறுத்தி, தை மாதம் பால் காய்ச்சினார். சித்திரை வெயில் வந்ததும் பலகைகளுக்கு நடுவே தெரு வெளிச்சம் தெரிந்தது. நிலைக்கால் ஒன்று முறுக்கிக்கொண்டு பூட்டு சேரவில்லை. ஆசாரி மில்லைக் குறை சொன்னார். மில்காரர் ஆசாரியைக் குறை சொல்லிவிட்டு, "அண்ணாச்சி, ஒரு கோடை பாத்துட்டா கதவு பழகிரும்" என்று ஆறுதலும் சொன்னார். நான் போய்ப் பார்த்தேன். மரம் அசல் தேக்குதான், அதில் சந்தேகமே இல்லை. பச்சை மரமாக இருந்ததுதான் கோளாறு.

மரத்துக்குள் தண்ணீர் இரண்டு விதமாக இருக்கிறது. நாரின் குழாய்க்குள் நிற்கும் தண்ணீர் ஒன்று. அது போனால் எடை குறையும், அளவு குறையாது. நாரின் சுவரிலேயே ஊறியிருக்கும் தண்ணீர் மற்றொன்று. ஈரம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் இந்தச் சுவர்த் தண்ணீர் வெளியேற ஆரம்பிக்கும், மரமும் சுருங்க ஆரம்பிக்கும். அந்தச் சுருக்கமும் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் இருக்காது. நீளவாக்கில் கணக்கில் வராத அளவுக்குத்தான். நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஒரு பங்கு என்றால், வட்ட வரிகளை ஒட்டிய திசையில் சுமார் இரண்டு பங்கு. பலகை வளைவதும் நிலை முறுக்குவதும் இந்த வித்தியாசத்தால்தான்.

அதனால்தான் அறுக்கும் வாக்கு முக்கியமாகிறது. பலகையின் முனையைப் பாருங்கள். வரிகள் பிறை போல் வளைந்து படுத்திருந்தால் அந்தப் பலகை அதிகம் சுருங்கும், குழியும். வரிகள் கம்பி போல் நிமிர்ந்து நின்றால் அது பேசாமல் இருக்கும். நிமிர்ந்த வரிப் பலகையாக எடுக்க வேண்டுமென்றால் தடியைத் திருப்பித் திருப்பி அறுக்க வேண்டும். கழிவும் அதிகம், கூலியும் அதிகம். கன அடிக் கணக்கில் விற்கிறவர் அதை ஏன் செய்யப் போகிறார்? தடியை ஒரே பக்கமாகத் தள்ளி அறுத்துக்கொண்டே போவார். வாங்குகிறவரும் கேட்பதில்லை.

"அந்தக் காலத்து மரம் மாதிரி வருமா?" என்பார்கள். இதில் எனக்குப் பாதி சம்மதம். அந்தக் காலத்திலும் வளைந்த கதவுகள் இருந்திருக்கும். அவையெல்லாம் எப்போதோ அடுப்புக்குப் போய்விட்டன, நல்லவை மட்டும் நின்று நம்மிடம் பெருமை பேசுகின்றன. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும், அன்று மரத்துக்குக் காலம் கொடுத்தார்கள். பர்மாவில் தேக்கை வெட்டுவதற்கு இரண்டு மூன்று வருடம் முன்பே அடிமரத்தில் பட்டையையும் வெள்ளையையும் சுற்றி வெட்டி விட்டுவிடுவார்கள். மரம் நின்ற நிலையிலேயே பட்டுக் காயும். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது என்பதால், ஆற்றில் விட்டு இழுத்து வருவதற்காகச் செய்த வேலை அது. அப்படிக் காய்ந்த மரம்தான் கப்பலேறியது. செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களை வியக்கிறோம். ஆனால் பர்மா என்ற பெயரைப் பிடித்துக்கொண்ட நாம் அந்த இரண்டு மூன்று வருடத்தை விட்டுவிட்டோம்.

அந்தப் பெயரும் இப்போது அவ்வளவாகப் பொருந்தாது. 2014 ஏப்ரலிலிருந்து மியான்மர் அறுக்காத தடிகளை வெளியே அனுப்புவதை நிறுத்திவிட்டது. இன்று ஆப்பிரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் தோட்டத் தேக்கு வருகிறது. இளமையிலேயே வெட்டிய மரம் என்றால் வைரம் குறைவு, வெள்ளை அதிகம். அதற்காக அது மட்டம் என்று சொல்ல மாட்டேன். கூடுதல் கவனம் கேட்கும் மரம், அவ்வளவுதான்.

கடையில் கேட்டால், "எல்லாம் சீசன் ஆன மரம்தான்" என்பார்கள். தடி ஒரு வருடமாக வாசலில் கிடந்தது என்றுதான் அதற்கு அர்த்தம். தடியாகக் கிடந்தால் தோல்தான் காயும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். அறுத்த பிறகு நிழலில், பலகைக்கும் பலகைக்கும் நடுவே குறுக்குச் சக்கை வைத்து, காற்று புகும்படி அடுக்க வேண்டும். பலகையின் முனை வழியாக ஈரம் வெகு சீக்கிரம் வெளியேறி வெடிப்பு விழும் என்பதால், முனையில் பெயின்டாவது மெழுகாவது தடவ வேண்டும். எனக்குத் தெரிந்த பழைய ஆசாரிகள் சாணமும் மண்ணும் குழைத்து அப்பினார்கள். ஒரு அங்குலப் பலகைக்குச் சில மாதங்கள் வேண்டும், நாலங்குல நிலைக்கட்டைக்கு ஒரு வருடம்கூட ஆகும்.

அவசரம் என்றால் சூட்டறையில் வைத்துக் காய வைக்கலாம். நல்ல முறைதான், ஆனால் சூட்டையும் நீராவியையும் பதமாகக் கொடுக்கத் தெரிய வேண்டும். அவசரப்பட்டால் வெளிப்பக்கம் அப்பளமாக இறுகிவிடும், உள்ளே ஈரம் நிற்கும். அப்படிப்பட்ட பலகையை மறுபடி அறுத்தால் இரண்டு துண்டும் வில்லாக வளையும். வேண்டியதற்கு மேல் காய வைப்பதும் ஆகாது. 8 சதவீதத்துக்கு இறக்கிய மரத்தைத் தூத்துக்குடிக் கடல் காற்றில் வைத்தால் அது மறுபடி ஈரம் குடித்து உப்பும்.

பதப்படுத்தல் என்ன செய்யும் என்பதற்குப் பக்கத்திலேயே அத்தாட்சி இருக்கிறது, கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் மரம். இருபத்தைந்து முப்பது வருடம் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை ஒரு காலத்தில் விறகுக்குத்தான் தள்ளினார்கள். மாவுச்சத்து அதிகம், அறுத்த சில நாளில் நீலம் பாயும், பிறகு வண்டு துளைத்துப் பொடியாக்கும். அறுத்த கையோடு போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, முறையாகக் காய வைக்கக் கற்றுக்கொண்ட பிறகு, அதே மரம் சாப்பாட்டு மேஜையாக நடுக்கூடத்துக்கு வந்துவிட்டது. மூங்கிலைச் சில வாரம் குளத்தில் ஊறப்போட்ட நம் பெரியவர்கள் செய்ததும் கிட்டத்தட்ட இதே காரியம்தான். தண்ணீர் மாவுச்சத்தைக் கரைத்துவிடும், வண்டுக்குச் சாப்பாடு இருக்காது.

பிளைவுட் என்றால் முகம் சுளிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மெல்லிய ஏடுகளை ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டுவதால் ஒரு ஏட்டின் சுருக்கத்தை அடுத்த ஏடு தடுக்கிறது. பச்சைத் தேக்குக் கதவைவிட நல்ல பிளைவுட் கதவு மேல் என்பேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அங்கே எல்லாம் பசையில் இருக்கிறது. ஐ.எஸ். 710 முத்திரைக்கு உரிய பலகை 72 மணி நேரம் கொதிக்கும் தண்ணீரில் கிடந்தாலும் பிரியக் கூடாது. கடையில் 'கமர்ஷியல்' என்று தரும் எம்.ஆர். ரகத்தின் பசை வேறு, அது தொட்டி நீரைத் தாங்காது. பார்ட்டிகிள் போர்டு இன்னும் மோசம், ஒருமுறை ஊறி உப்பினால் காய்ந்த பிறகும் பழைய கனத்துக்குத் திரும்பாது. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் அதை வைத்துவிட்டு, "மரம் சரியில்லை" என்று புலம்புகிறோம். புது அலமாரியைத் திறந்ததும் கண் எரிகிறதே, அதுவும் பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு வாயுதான். பேரக் குழந்தைகள் தூங்கும் அறையில் அதை வைக்குமுன் கொஞ்சம் யோசியுங்கள்.

அடுத்த தையில் புதுவீடு போக நினைக்கிறவர்கள் மரத்தை இப்போதே வாங்கி, அறுத்து, நிழலில் அடுக்கிவிடுங்கள். இரண்டு ஊசி வைத்த ஈரமானி ஒன்று கிடைக்கிறது, ஒரு கதவின் விலையோடு பார்த்தால் அது ஒரு செலவே இல்லை. மேல்புறத்தில் குத்திப் பார்த்தால் ஏமாந்து போவீர்கள். பலகையை நடுவில் வெட்டச் சொல்லி, புதிதாக வெட்டிய முகத்தில் வைத்துப் பாருங்கள். நம் பக்கத்துக்கு 12லிருந்து 14 வரை காட்டினால் வாங்கலாம். வெட்ட முடியாது என்று மில்காரர் சொன்னால் அடுத்த மில்லுக்குப் போங்கள். செங்கோட்டைப் பக்கம் மில்லுக்கா பஞ்சம்?