நடுக்கடலில் ஜெட் ஸ்கி நின்றால்? எஞ்சினுக்குள் கியர் உடைவதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் ஆயில்!

கோவா, அந்தமான், துபாய்... எங்கே டூர் போனாலும் ஜெட் ஸ்கியில் ஒரு ரவுண்டு போய் ரீல்ஸ் போடாமல் வருபவர்கள் குறைவு. சீறிப் பாய்ந்த அந்த வண்டி, கரையிலிருந்து வெகுதூரத்தில் 'கடகட'வென சத்தம் போட்டு நின்றுவிட்டால்? "நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு, திடீர்னு போயிடுச்சு" என்பார்கள். ஆனால் எஞ்சினுக்குள் இருக்கும் கியர் பெரும்பாலும் சொல்லாமல் உடைவதில்லை. அது எப்படிச் சொல்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

எஞ்சின் நின்றால் என்ன ஆபத்து?

ஜெட் ஸ்கிக்கு சுக்கான் கிடையாது. தண்ணீரை உறிஞ்சி, பின்பக்கம் வேகமாகப் பீய்ச்சி அடித்துத்தான் முன்னே போகிறது. அந்தப் பீய்ச்சலின் திசையை மாற்றித்தான் திரும்புகிறது. எஞ்சின் நின்றால் வேகம் மட்டும் போவதில்லை, ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி சரியாகத் திரும்பாது. எதிரே படகோ பாறையோ இருந்தால் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

கியர்பாக்ஸ் இல்லாத வண்டியில் கியர் எங்கே?

பைக், காரில் இருப்பது போன்ற கியர்பாக்ஸ் ஜெட் ஸ்கியில் பொதுவாக இல்லை. எஞ்சினின் சுழற்சி நேராக பம்ப்பின் இம்பெல்லருக்குப் போகிறது. ஆனால் எஞ்சினுக்குள்ளே ஆயில் பம்ப், அதிர்வைக் குறைக்கும் பேலன்சர் ஷாஃப்ட், ஸ்டார்ட்டர், சில மாடல்களில் சூப்பர்சார்ஜர் ஆகியவற்றைச் சுற்ற கியர்கள் தேவைப்படுகின்றன.

இவற்றுக்கு எமன் அலைதான். வண்டி அலையில் தாவும்போது பம்ப்புக்குத் தண்ணீர் கிடைக்காது. சுமை இல்லாத எஞ்சின் ஒரே நொடியில் எகிறும். மறுபடி தண்ணீரில் விழுந்ததும் சுமை மொத்தமாக ஏறும். ஒவ்வொரு தாவலிலும் கியரின் பற்களுக்கு ஓர் அடி விழுகிறது.

காப்பாற்ற வைத்த பாகமே வில்லன் ஆன கதை

இந்த அடியைத் தாங்கத்தான் 'சீ-டூ' ஜெட் ஸ்கிகளின் ரோடாக்ஸ் 4-டெக் எஞ்சினில், சூப்பர்சார்ஜர் கியரோடு ஒரு 'ஸ்லிப் கிளட்ச்' வைத்தார்கள். அதிர்ச்சி வந்தால் கிளட்ச் கொஞ்சம் வழுக்கும், கியர் தப்பிக்கும். ஆரம்பகால மாடல்களில் அந்தக் கிளட்ச்சில் இருந்தவை செராமிக் வாஷர்கள். அவை உடைந்தபோது, துண்டுகள் எஞ்சின் ஆயிலில் கலந்தன. பேரிங்குகளைக் கீறி, முழு எஞ்சினையும் காலி செய்த சம்பவங்கள் இந்த வண்டி வைத்திருந்தவர்கள் மத்தியில் பிரபலம். பின்னர் செராமிக்கின் இடத்துக்கு உலோக வாஷர்கள் வந்தன. பழைய வண்டி வாங்குபவர்கள் "வாஷர் மாத்தியாச்சா?" என்று முதலில் கேட்பது இதனால்தான்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில், கோளாறு பம்ப்பிலா எஞ்சினிலா என்று பிரிக்க வேண்டும். எஞ்சின் சுழற்சி ஏறுகிறது, வேகம் மட்டும் ஏறவில்லை என்றால் பம்ப், இம்பெல்லர் பக்கம் சந்தேகப்படலாம். சுழற்சியே வழக்கமான உச்சத்தைத் தொடவில்லை என்றால் சூப்பர்சார்ஜர் கிளட்ச்சைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது ஆயில். ஃபில்டரைக் கழற்றி, அதன் மடிப்புகளை விரித்துப் பார்த்தால் பாதி உண்மை தெரிந்துவிடும். காந்தத்தில் மை போல ஒட்டும் சாம்பல் நிறப் பசை சாதாரணத் தேய்மானமாக இருக்கலாம். நகத்தில் நெருடும் அளவுக்குச் செதில் வந்தால் கியரோ பேரிங்கோ உடைகிறது என்று அர்த்தம். ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அது வேறு நோய்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. காந்தம் இரும்பை மட்டுமே பிடிக்கும். அலுமினியமும் செராமிக்கும் அதில் சிக்காது. "காந்தத்தில் ஒன்றும் இல்லை" என்பதை நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 'கம்ப்ரஷன்' சோதனையும் அப்படித்தான். அது சிலிண்டரின் நிலையைச் சொல்லும், கியரின் நிலையைச் சொல்லாது.

8 உயிர்களைப் பறித்த கியர்

இது ஜெட் ஸ்கியோடு முடிகிற விஷயமல்ல. விமானங்களின் கியர்பாக்ஸில் இதே காந்த வேலையைச் செய்ய 'சிப் டிடெக்டர்' என்ற கருவி இருக்கிறது. ஆயிலில் உலோகத் துகள் சேர்ந்தால் விமானி அறைக்கு எச்சரிக்கை போகும்.

2023 நவம்பர் 29 அன்று, ஜப்பானின் யாகுஷிமா தீவு அருகே அமெரிக்க விமானப்படையின் ஆஸ்ப்ரே விமானம் கடலில் விழுந்து 8 பேர் உயிரிழந்தனர். இடதுபக்க கியர்பாக்ஸில் ஒரு கியரில் ஏற்பட்ட விரிசலே தொடக்கம் என்றது 2024 ஆகஸ்டில் வெளியான விசாரணை அறிக்கை. சிப் எச்சரிக்கை ஒருமுறை அல்ல, பலமுறை வந்தும் பயணம் தொடர்ந்தது. விமானியின் முடிவை மட்டும் அறிக்கை குறை சொல்லவில்லை. இந்த கியர்பாக்ஸின் ஆபத்தை மதிப்பிட்டு, பறப்பவர்களுக்குப் புரியவைக்க வேண்டிய நிர்வாகமும் அதைச் சரியாகச் செய்யவில்லை என்றது. ஆக, கருவி தன் வேலையைச் செய்தது. அது சொன்னதன் தீவிரம்தான் எடுபடவில்லை.

என்ன செய்யலாம்?

ஜெட் ஸ்கி வைத்திருப்பவர்கள்: புதிதாகச் சத்தமோ அதிர்வோ வந்தால் எஞ்சினை உடனே நிறுத்துங்கள். "கரைவரை ஓட்டிடலாம்" என்று போகும் தூரத்தில்தான் சின்னச் செலவு பெரிய செலவாகிறது. உடைந்த பாகத்தை மட்டும் மாற்றிவிட்டு, ஆயில் வழிகளைச் சுத்தம் செய்யாமல் விட்டால் மிச்சத் துண்டுகள் புது பாகத்தையும் தின்றுவிடும்.

வாடகைக்கு ஓட்டுபவர்கள்: லைஃப் ஜாக்கெட்டும், கையில் கட்டும் கில்-ஸ்விட்ச் கயிறும் இல்லாமல் ஏறாதீர்கள். வண்டி நின்றால் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்ய வேண்டாம். நீந்திக் கரைக்கு வரவும் முயல வேண்டாம். வண்டியைப் பிடித்துக்கொண்டு கையசைத்து உதவி கேளுங்கள். தண்ணீரில் தனி ஆளின் தலையைவிட, மிதக்கும் வண்டி சீக்கிரம் கண்ணில் படும்.